பட்டறைப் பதில்கள்: உப்பு லாரியின் டக் டக்

கேள்வி: அய்யா, என்னிடம் 2002 மாடல் டாடா 407 லாரி ஒன்று இருக்கிறது. தை, மாசியில் நெல் மூட்டை, பங்குனியிலிருந்து அகஸ்தியம்பள்ளி உப்பு, இடையிடையே வைக்கோல் என்று ஓட்டுகிறேன். இரண்டு மாதமாக இன்ஜினில் ஒரு டக் டக் சத்தம். காலையில் செல்ஃப் அடித்ததும் நன்றாகக் கேட்கும். பத்து நிமிடம் ஓடினால் அடங்கிவிடும். லோடோடு பாலம் ஏறும்போது திரும்ப வரும். ஆயில் பிரஷர் காட்டுகிற முள் எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நிற்கிறது. ஒரு பட்டறையில் வால்வுக்கு மேலே இருக்கிற டேப்பட் இடைவெளியைச் சரிவைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. இன்னொரு பட்டறையில் பிஸ்டன்கள் சுழற்றுகிற கிரான்க் தண்டின் பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் கேட்கிற தொகை எனக்கு மூன்று மாத ஓட்டம். வீட்டு வாசலில் வைத்தே நானே கண்டுபிடிக்க வழி உண்டா? செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்தும் அனுப்பியிருக்கிறேன்.

பின்குறிப்பு: வாசலில் வண்டி ஓடிக்கொண்டு நின்றால், 'கண்ணு எரியுது, தள்ளி நிறுத்துடா' என்று அம்மா சத்தம் போடுகிறார்கள். முன்பெல்லாம் அப்படிச் சொன்னதில்லை.

வேதாரண்யம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, இன்ஜினை இறக்க வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து, நான் சொல்வதை ஒரு காலைப்பொழுது செய்து பார்க்கும் வரைக்குமாவது யாரையும் இன்ஜின் அடியில் ஆயில் நிற்கிற சேம்பரில் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியது பின்குறிப்புதான். புகை சைலன்சர் வழியாக ஒழுங்காகப் பின்னால் போய்க்கொண்டிருந்தால், முன்வாசலில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு ஏன் கண் எரிகிறது? நடுவழியில் எங்கேயோ வெளியே வருகிறது. என் சந்தேகம், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்புகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டோடு சேருகிற இடத்தில், புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் மேல். சூடில்லாதபோது சத்தம், சூடானதும் அமைதி, லோடு ஏறினால் மறுபடி சத்தம் என்று நீங்கள் எழுதியதும் அதற்குப் பொருந்துகிறது. இரும்பு சூடாகி விரிந்தால் சின்ன இடுக்கு மூடிக்கொள்ளும். லோடு ஏறும்போது புகையின் அழுத்தம் கூடி, மூடின இடுக்கைத் திறந்துகொண்டு வெளியே அடிக்கும். ஆனால் கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சந்தேகப்படுவதை நம்பி நீங்கள் ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது. நிரூபித்துவிட்டுக் கழற்றுங்கள்.

செல்போன் பதிவைக் கேட்டேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். செல்போனின் சின்ன மைக் மேல்சத்தத்தை எடுக்கும், அடிச்சத்தத்தை விட்டுவிடும். இன்ஜின் விஷயத்தில் அந்த அடிச்சத்தம்தான் முக்கியம். என் அப்பா தவில் வாசித்தவர். சின்ன வயதில் கச்சேரிக்குக் கூட்டிப்போய், தவிலின் இரண்டு முகங்களைக் காட்டி, 'வலந்தலையையும் தொப்பியையும் சேத்துக் கேக்காதே, ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைக் கேளு' என்பார். நான் தவில் பக்கம் போகவில்லை, பட்டறைக்கு வந்துவிட்டேன். காது மட்டும் அவர் கொடுத்தது. விரலில் கூடு மாட்டி வலந்தலையில் அடித்தால் கணீரென்று மேலே வருமே, டேப்பட், டீசல் பீச்சுகிற நாசில், புகைக் கசிவு எல்லாம் அந்த ஜாதி. தொப்பியில் குச்சி விழுகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து வருவது கிரான்க், பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிரான்க்கோடு சேருகிற பிக் எண்ட் பேரிங், கிரான்க்கின் முனையில் சுற்றுகிற பிளைவீல். முதலில் உங்கள் சத்தம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று வண்டிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக் கேளுங்கள்.

இருந்தாலும் காதை மட்டும் நம்பக் கூடாது. இன்ஜின் முழுக்க ஒரே இரும்பு. மேலே தட்டினால் கீழே கேட்கும், முன்னால் தட்டினால் பின்னால் கேட்கும். அதனால் சத்தம் எங்கே கேட்கிறது என்று தேடுவதைவிட, எப்போது நிற்கிறது என்று தேடுங்கள். இதை நான் ஒருவருடைய காசில் கற்றுக்கொண்டேன். 1988 என்று நினைவு. ஒரு பட்டறையில் நான் மூன்றாவது கை. திருவையாறு பக்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றுகிற ஒரு லாரி வந்தது. அடியில் டொக் டொக். மேஸ்திரி ஒரு நிமிடம் கேட்டார், 'பேரிங்' என்றார், சேம்பரை இறக்கினோம். பேரிங்குகளைத் துடைத்து, விரித்துப் போட்ட தினத்தாளின் மேல் வரிசையாக நான்தான் வைத்தேன். சாம்பல் நிறத்தில், ஒரே சீராக, ஒரு கீறல் இல்லை. மேஸ்திரி கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்த்தார். எங்கேயும் தட்டவில்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். 'இறக்கினது இறக்கியாச்சு' என்று புதுசு வாங்கிப் போட்டு மூடினோம். ஸ்டார்ட் செய்தால் அதே டொக் டொக். மறுநாள் வேறு வேலையாக வந்த ஒரு கியர்பாக்ஸ் மெக்கானிக், நிறுத்தியிருந்த இன்ஜினில் கிரான்க் புல்லியைக் கையால் பிடித்து ஆட்டினார். ஆடியது. முன் போல்ட் தளர்ந்து, புல்லியைக் கிரான்க்கோடு பூட்டுகிற சாவிக்கட்டை தேய்ந்து, புல்லிதான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த லாரிக்காரர் மனைவியின் செயினை அடகு வைத்துப் பணம் கொண்டு வந்திருந்தார். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அவர் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனதை நான் இன்னும் மறக்கவில்லை. உங்கள் கடிதத்தில் 'இன்ஜினை இறக்க வேண்டும்' என்ற வரியைப் படித்ததும் அவர் முகம்தான் வந்தது.

இனி உங்கள் வாசலுக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. லுங்கியோடு பானெட்டுக்குள் குனியாதீர்கள், பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். தோளில் துண்டு இருக்கவே கூடாது. ஃபேன் துண்டை இழுத்தால் கழுத்தும் சேர்ந்து போகும்.

முதல் வேலை நாடி பிடிப்பது. டீசல் பம்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் ஒரு இரும்புக் குழாய் போகிறது இல்லையா? ஐட்லிங்கில் ஓடும்போது, முதல் சிலிண்டருக்குப் போகிற குழாயை இரண்டு விரலால் மெல்லப் பிடியுங்கள். உள்ளே டீசல் பாயும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு தெரியும், மணிக்கட்டு நாடி மாதிரியே. கிரான்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் இந்தத் துடிப்பு ஒரு முறை. ஐட்லிங் நிமிடத்துக்கு 700 சுற்று என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட ஆறு துடிப்பு. வேகம்தான், ஆனால் விரல் அரை நிமிடத்தில் பழகிவிடும். இப்போது காதில் கேட்கிற டக், விரலில் தெரிகிற துடிப்போடு ஒன்றுக்கு ஒன்றாகப் போகிறதா, ஒரு துடிப்புக்கு இரண்டு டக் வருகிறதா என்று கவனியுங்கள்.

ஒன்றுக்கு ஒன்று என்றால் வால்வு, டேப்பட், நாசில், ஒரு சிலிண்டரின் புகைக் கசிவு, இவற்றில் ஏதோ ஒன்று. வால்வுகளை அசைக்கிற கேம் ஷாஃப்ட் கிரான்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. ஒரு சிலிண்டர் புகை தள்ளுவதும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். கசிவின் தாளமும் டேப்பட்டின் தாளமும் ஒன்றாக இருப்பது இதனால்தான். முதல் பட்டறைக்காரர்கள் டேப்பட் வைத்ததைக் குறை சொல்ல மாட்டேன், யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். துடிப்புக்கு இரண்டு என்றால் கிரான்க் வேகத்திலேயே சுற்றுகிற புல்லி, பிளைவீல், மெயின் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். பிக் எண்ட் மட்டும் இந்தக் கணக்கில் ஏமாற்றும். சில நேரம் ஒன்றாகவும் சில நேரம் இரட்டையாகவும் அடிக்கும். அதற்குத்தான் அடுத்த சோதனை.

உங்கள் வண்டி மெக்கானிக்கல் பம்ப், அதனால் இதைச் செய்யலாம். நாசில் முனையில் குழாயைப் பிடித்திருக்கும் நட்டை ஸ்பேனரால் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். டீசல் அங்கேயே கசிந்துவிடும், அந்த சிலிண்டர் எரியாது, இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும். சத்தம் என்ன ஆகிறது என்று கேட்டுவிட்டு, இறுக்கிவிட்டு, அடுத்த சிலிண்டருக்குப் போங்கள். 407 இன்ஜினை 497 என்கிறோமே, நாலு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் என்று அர்த்தம். ஆக நாலே நாலு நட்டுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு, நட்டின் மேல் ஒரு கெட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு செய்யுங்கள். பீச்சுகிற டீசலுக்கு நேரே விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், அப்படி ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில் டீசல் நிற்கிற காமன் ரயில் வண்டியில் இதைத் தொடவே தொடாதீர்கள். அதில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும்.

துடிப்புக்கு ஒன்றாக வருகிற சத்தம், எந்த சிலிண்டரை நிறுத்தினாலும் அப்படியே இருந்தால் அது டேப்பட் பக்கம். எரிந்தாலும் எரியாவிட்டாலும் வால்வு அசைந்துகொண்டுதானே இருக்கிறது? ஒரு குறிப்பிட்ட சிலிண்டரை நிறுத்தினால் சத்தம் விழுந்துவிடுகிறது என்றால் புகைக் கசிவு, நாசில், பிஸ்டன், பிக் எண்ட், நான்கில் ஒன்று. அந்த சிலிண்டரின் எண்ணைச் சாக்பீஸால் கதவில் எழுதிவையுங்கள்.

பிக் எண்ட் இல்லை என்பதை உங்கள் கடிதமே பாதி சொல்லிவிட்டது. பேரிங் தேய்ந்திருந்தால் சூடாகி ஆயில் இளகின பிறகுதான் சத்தம் கூடும், ஐட்லிங்கில் ஆயில் முள்ளும் இறங்கும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. பிஸ்டன், சிலிண்டரின் உள்சுவரான லைனரில் தட்டுவது மட்டும் கசிவைப் போலவே காலையில் கேட்டுச் சூட்டில் அடங்கும். அந்த இரண்டையும் பிரிக்க உங்கள் வீட்டிலேயே கருவி இருக்கிறது. விளக்குத் திரி போடுகிற பஞ்சும் தென்னை ஈர்க்குச்சியும்.

ராத்திரி முழுக்க ஆறின வண்டியில், விடியற்காலையில் செய்யுங்கள். பஞ்சில் ஒரு துளி பிரித்து, ஊதினால் பறக்கிற அளவுக்கு விரலால் நைசாக்கி, ஈர்க்குச்சி நுனியில் சுற்றிக்கொள்ளுங்கள். ஃபேன் காற்று பஞ்சை ஆட்டிவிடும் என்பதால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். வாட்டர் பம்பும் சுற்றாது, அதனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, பெல்ட் இல்லாமல் வண்டியை ஓரடிகூட நகர்த்தவும் கூடாது. ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீங்கள் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேருகிற விளிம்பை ஒட்டி, ஒரு விரல்கடை தூரத்தில் குச்சியை மெதுவாக நகர்த்துங்கள். நல்ல இடத்தில் பஞ்சு சும்மா இருக்கும். கசிகிற இடத்துக்கு வந்ததும் பஞ்சு வெளிப்பக்கமாகத் துடிக்கும், டக்குக்கு ஒரு துடி, டக்குக்கு ஒரு துடி. கண்ணும் காதும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைச் சொல்லும். சாக்பீஸால் எழுதிய எண்ணும் அதே சிலிண்டராக இருந்தால் இனி சந்தேகமே இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கார்த்திகை அகலின் உதட்டில் படிகிற மாதிரி மெத்தென்று கரி படிந்திருக்கும்.

பெல்ட் கழற்றினதில் இன்னொரு லாபம் உண்டு. ஒருவேளை அந்த இரண்டு நிமிடத்தில் டக்கே வரவில்லை என்றால், கோளாறு டைனமோவிலோ வாட்டர் பம்பிலோ இருக்கிறது, இன்ஜினுக்குள் இல்லவே இல்லை. கிளட்ச்சையும் ஒரு தடவை மிதித்துப் பாருங்கள். மிதித்தால் மாறுகிற சத்தம் கிளட்ச், கியர்பாக்ஸ் வழியாக வருவது.

பஞ்சு அசையவில்லை, ஆனால் ஒரு சிலிண்டரை நிறுத்தினால் சத்தம் போகிறது என்றால், அந்த நாசிலைப் பக்கத்து சிலிண்டரில் மாற்றிப் போடச் சொல்லுங்கள். சத்தமும் கூடவே மாறிப்போனால் நாசில். அதே இடத்தில் நின்றால் பிஸ்டனைப் பார்க்க வேண்டியதுதான், அப்போது பட்டறைக்காரர் சொல்வதற்கு அர்த்தம் இருக்கிறது. சூட்டில் கூடுகிற தொப்பிச் சத்தமும் இறங்குகிற ஆயில் முள்ளும் சேர்ந்து வந்தால், அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். ஓட்டினால் கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கேஸ்கெட்தான் என்று உறுதியானால், அவசரப்பட்டு நட்டில் கை வைக்காதீர்கள். கடைமடையில் உப்புக் காற்று, வண்டியில் ஏற்றுவதும் உப்பு. மேனிஃபோல்டு நட்டுகள் மாட்டியிருக்கிற ஸ்டட்டுகள் துருப்பிடித்துப் போயிருக்கும். முதல் நாள் ராத்திரியே துரு இளக்குகிற எண்ணெயை ஒவ்வொரு ஸ்டட்டிலும் விட்டு ஊறவிடுங்கள். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாக எடுங்கள். வராத நட்டோடு மல்லுக்கட்டி ஸ்டட்டை ஹெட்டுக்குள் உடைத்துவிட்டால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். இந்த ஒரு இடத்தில் மட்டும், கை நடுங்கினால், நல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுங்கள். கழற்றின மேனிஃபோல்டின் முகத்தில் நேரான இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சம் புகுகிறதா பாருங்கள். புகுந்தால் வளைந்திருக்கிறது, லேத்தில் முகம் எடுக்க வேண்டும். அப்படியே மாட்டினால் ஒரே மாதத்தில் புதுக் கேஸ்கெட்டும் போய்விடும். பழைய கேஸ்கெட்டில் பேஸ்ட் தடவித் திரும்பப் போடுவது வேண்டவே வேண்டாம். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஒரு நாள் ஓட்டி, ஆறவிட்டு, இன்னொரு தடவை பாருங்கள். இனிமேல் உப்பு நடை முடிந்தால் வண்டி ஆறின பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சூட்டில் தண்ணீர் அடித்தால் இரும்பு வெடிக்கும்.

இதைச் சரிசெய்கிற வரைக்கும் ஒரு வேலையை மட்டும் நிறுத்திவையுங்கள் தம்பி. வைக்கோல் ஏற்றாதீர்கள். மேனிஃபோல்டு பக்கத்தில் வருகிற புகை பின்னால் சைலன்சர் முனையில் வருகிற புகை மாதிரி இல்லை, அதைவிட எவ்வளவோ சூடு. பானெட்டுக்குள் வைக்கோல் சருகு சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இன்ஜினை ஓடவிட்டுக் கேபினில் படுத்துத் தூங்குவதும் வேண்டாம். கொள்முதல் நிலைய வரிசையில் ராத்திரி நிற்கும்போது பலர் அப்படித் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புகை அம்மா கண்ணை எரித்தது வாசலில், திறந்த வெளியில். கேபினுக்குள் அது எங்கே போகும்?

பஞ்சு எந்த சிலிண்டரில் துடித்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: என் மகன் பத்தொன்பது வயதுப் பையன். அவன் மாமாவின் லாரியில் நீளமான ஸ்குரூ டிரைவரை இன்ஜினில் வைத்து, மறுமுனையைக் காதுக்குள் வைத்துக் கேட்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. இது சரியா?

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: பயப்படுவது சரிதான் அம்மா. முறை நல்ல முறை, நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். ஆனால் கை வழுக்கினால் செவிப்பறை போய்விடும். கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் வைத்தாலே போதும், எலும்பு வழியாகச் சத்தம் தெளிவாக வரும். அதைவிட நல்லது ஒரு மீட்டர் ரப்பர் குழாய். ஒரு முனையைக் காதருகே பிடித்துக்கொண்டு, மறுமுனையை இன்ஜின் மேல் நகர்த்தினால், எந்த இடத்தில் சத்தம் கூடுகிறது என்று தெரியும். ஃபேன், பெல்ட் பக்கம் குழாயைக் கொண்டுபோகக் கூடாது. பையனுக்கு ஆர்வம் இருக்கிறது, தடுக்காதீர்கள். குழாயை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: பழைய லாரி இன்ஜினில் சத்தம் வந்தால், கெட்டியான ஆயில் ஊற்றினால் அடங்கும் என்கிறார்கள். ஊற்றலாமா?

கொரடாச்சேரியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: 15டபிள்யூ-40 ஊற்றுகிற வண்டியில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால், தேய்ந்த பேரிங்கின் சத்தம் கொஞ்ச நாள் குறையலாம். தேய்மானம் குறையாது. முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவுக்குக் கீழே இருந்தால், அதே ஆயிலை அளவு வரை ஊற்றிவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். அளவு சரியாக இருந்தும் சத்தம் இருந்தால், டிப்ஸ்டிக்கில் இருக்கிற ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேயுங்கள், வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுவென்று பொடி தெரிந்தால் ஆயிலை மாற்றிப் பிரயோஜனம் இல்லை, அந்தப் பொடி எதிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். டீசல் வாசனை அடித்து, தண்ணீர் மாதிரி இளகி இருந்தால் டீசல் சேம்பருக்குள் இறங்குகிறது, நாசிலையும் பம்பையும் பாருங்கள். வெண்ணெய் கலந்த மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.